வீட்டுக் கடலை உருண்டைக்கு எந்தக் கடலை?

நிலக்கடலை பயிரிடும் குடும்பங்களில் காய் உடைத்ததும், திரண்ட பருப்பு மூட்டையாகி மண்டிக்குப் போய்விடும். சூம்பல், உடைசல், நிறம் மாறியது ஆகியவை முறத்தில் ஒதுக்கப்பட்டு வீட்டுச் செலவுக்கு நிற்கும். பிள்ளைகளுக்கு உருண்டை பிடிக்க இது போதும் என்று எண்ணுவோர் பலர். சிக்கனமாகத் தோன்றினாலும் இந்தக் கணக்கு தவறானது.

கடலை உருண்டையைப் போல் மலிவும் சத்தும் சேர்ந்த தின்பண்டம் வேறு எளிதில் கிடைக்காது. 100 கிராம் கடலைப் பருப்பில் ஏறக்குறைய 25 கிராம் புரதமும் 40 கிராம் கொழுப்பும் உள்ளன. பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு இரண்டு உருண்டை கொடுத்தால் இரவுச் சாப்பாடு வரை பசி தாங்கும். ஆனால் கடலை நல்லதாக இருக்க வேண்டும்.

ஈரப்பதம் மிகுந்த பருப்பிலும், பூச்சி துளைத்த, தோல் கிழிந்த பருப்பிலும் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் மஞ்சள் கலந்த பச்சை நிறப் பூசணம் வளர்கிறது. இது அப்ளாடாக்சின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்கும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணத்தைத் தேடியபோது, தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நச்சு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தொடர்ந்து உடலில் சேர்ந்தால் ஈரல் கெடும். ஈரலில் புற்றுநோயும் வரலாம். வறுத்தால் நச்சு போய்விடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. வறுக்கும் சூட்டில் ஓரளவு குறையுமே தவிர முற்றிலும் அழியாது. நாக்குக்கும் தெரியாது. கசக்கும் கடலையைப் பிள்ளை துப்பிவிடும்; நச்சுள்ள கடலை கசக்க வேண்டும் என்பதில்லை.

ஆகவே உருண்டை செய்யும் வேலை களத்திலேயே தொடங்குகிறது. பறித்த காயை ஈரத்துடன் குவித்து வைக்கக் கூடாது. ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்கும் வரை பரப்பிக் காயவைக்க வேண்டும். உடைக்கும்போது பருப்பு நொறுங்காமலிருக்கக் காயின்மேல் தண்ணீர் தெளிப்பது பல ஊர்களில் உள்ள வழக்கம். எடை கூடும் என்பதற்காகவும் சிலர் தெளிக்கின்றனர். பூசணத்துக்கு விருந்து வைப்பது இதுவே. வீட்டுக்கு வேண்டிய கடலையைக் காயாகவே வைத்திருந்து, தேவைக்கேற்பக் கையால் உடைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்கென நாலு படி நல்ல காயை நிறுத்திக்கொள்வதால் மண்டியில் குறையும் பணம் சொற்பமே.

இனி, செய்முறை. அரைக் கிலோ பருப்பை முதலில் முறத்தில் பரப்பி, சுருங்கியது, முளைத்தது, துளைபட்டது, பூத்தது ஆகியவற்றைப் பொறுக்கி விடவும். இளந்தீயில், முடிந்தால் மணலில், சீராக வறுக்கவும். ஆறியபின் தேய்த்துத் தோலைப் புடைத்துவிட்டு, மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். தோலுக்குள் மறைந்திருந்த கருத்த பருப்புகள் இப்போதுதான் கண்ணில் படும். அவசரத்தில் இந்த இரண்டாம் பொறுக்கலை விட்டுவிட வேண்டாம். நச்சு எல்லாப் பருப்பிலும் பரவியிருப்பதில்லை. சில பருப்புகளிலேயே மிகுந்து நிற்கும்.

350 கிராம் வெல்லத்தைக் கால் தம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அடிகனமான பாத்திரத்தில் காய்ச்சவும். பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தை நாட வேண்டாம். ஹைட்ரோஸ் போட்டு வெளுத்ததாக இருக்கக்கூடும். ஈரம் கோத்த பழைய வெல்லத்தில் பாகு சரியாக இறுகாது. தட்டில் தண்ணீர் விட்டு ஒரு சொட்டுப் பாகை விடவும். கரையாமல் திரண்டு, உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஒலித்தால் அதுவே பதம். இறக்கி, ஏலக்காய், சுக்குப் பொடியுடன் பருப்பைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடிக்க வேண்டும். நடுவில் இறுகிவிட்டால் பாத்திரத்தை இளந்தீயில் சற்றே காட்டினால் இளகும். நெல்லிக்காய் அளவில் பிடித்தால் 40 உருண்டை வரை தேறும். உருட்டப் பொறுமை இல்லாதவர்கள் எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, சூடு ஆறுமுன் வில்லை போடலாம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் இவ்வாறு வில்லையாக வெட்டுவதுதான்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை தரலாகாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அவர்களுக்கும் பல்லில்லாத முதியோருக்கும், வறுத்த கடலையை உரலில் நைய இடித்து, வெல்லம் சேர்த்து மேலும் நாலு இடி இடித்துப் பிடித்துவிடலாம். கடலையிலுள்ள எண்ணெயே சேர்த்துப் பிடிக்கும், பாகு தேவையில்லை.

பொறுக்கி எறிந்த பருப்பை மாட்டுக்கும் கோழிக்கும் போடக் கூடாது. மாடு தின்றால் நச்சு பாலிலும் வரும். செக்கில் கொடுத்து ஆட்டினால் எண்ணெயிலும் புண்ணாக்கிலும் சேரும். எருக்குழியில் ஆழமாகப் புதைத்துவிடுவதே முறை. உருண்டைகளை முற்றிலும் ஆறியபின் மூடி இறுகிய டப்பாவில் வைக்கவும். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் செய்துகொள்வது நல்லது.