நீலக்கொடிச் சான்றிதழும் கடற்கரைச் சுற்றுலாவும்

கடற்கரைச் சுற்றுலா பல மாவட்டங்களில் வேலைவாய்ப்பையும் வருவாயையும் பெருக்கி வருகிறது. ஆயினும், பயணிகளை ஈர்ப்பவை தூய நீரும் மணலுமே. அவற்றைக் கெடுத்து வளரும் சுற்றுலா, தன் மூலதனத்தையே உண்ணும் தொழிலாகிவிடும். இம்மூலதனத்தைக் காக்கும் கருவியாக ‘நீலக்கொடி’ச் சான்றிதழ் எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பது ஆராயத்தக்கது.

சான்றிதழின் அமைப்பு

1985-ல் பிரான்சில் தோன்றிய இத்திட்டம் 1987-ல் ஐரோப்பிய அளவில் விரிந்தது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அமைப்பு இதனை நடத்துகிறது. நீரின் தரம், சூழல் மேலாண்மை, சூழல் கல்வி, பாதுகாப்பும் வசதிகளும் என்னும் நான்கு பிரிவுகளில் 33 அளவுகோல்கள் வகுக்கப்பட்டுள்ளன. சான்றிதழ் ஒரு பருவத்திற்கு மட்டுமே செல்லும். பின்னர்ப் புதுப்பிக்கப்பட வேண்டும்.

இந்தியாவில் 2020 அக்டோபரில் சிவராஜ்பூர், கோக்லா, காசர்கோடு (கர்நாடகம்), படுபித்ரி, காப்பாடு, ருஷிகொண்டா, பூரி, ராதாநகர் ஆகிய 8 கடற்கரைகள் இத்தகுதியைப் பெற்றன. 2021-ல் தமிழ்நாட்டின் கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும், 2022-ல் இலட்சத்தீவின் மினிக்காய், கடமத்துக் கடற்கரைகளும் சேர்ந்தன.

நன்மைகள்

இதன் முதன்மையான நன்மை அளவீடு ஆகும். 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை நுண்ணுயிர்கள் 250-க்கும், குடல்வாழ் என்டரோகாக்கஸ் நுண்ணுயிர்கள் 100-க்கும் மிகலாகாது. பருவத்திற்குக் குறைந்தது 5 மாதிரிகள் சோதிக்கப்பட வேண்டும். முடிவுகள் கடற்கரையிலேயே அறிவிப்புப் பலகையில் வைக்கப்பட வேண்டும். நீரின் நிலையைக் குளிப்பவர் அறிய இதனால் வழி ஏற்படுகிறது. கொடியை இழக்க நேரிடும் என்ற அச்சமும் நிர்வாகத்தை விழிப்புடன் வைக்கிறது. பராமரிப்புக் குறைகளால் 2025-ல் ருஷிகொண்டாவின் சான்றிதழ் தற்காலிகமாகத் திரும்பப் பெறப்பட்டு, குறைகள் களையப்பட்டபின் மீண்டும் வழங்கப்பட்டது.

குறைபாடுகள்

ஆனால் சான்றிதழ் அளிக்கப்படுவது குறிப்பிட்ட ஒரு மணற்பகுதிக்கே. பூரியில் சான்று பெற்ற பகுதியின் நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. அப்பகுதிக்குள் கழிவுநீர் கலக்கலாகாது என்பது விதி. நகரின் கழிவுநீரைச் சுமந்துவரும் பாங்கிமுகான் வடிகாலோ அதே நகரின் கடலோரத்தில்தான் கடலை அடைகிறது. கடல் நீர் எல்லைக்கோடுகளை அறியாது.

பயணிகளின் எண்ணிக்கைக்கேற்பக் கழிவறைகள் வேண்டும் என்கின்றன அளவுகோல்கள். எத்தனை பயணிகளை அக்கடற்கரை தாங்கும் என்பதற்கு வரம்பு விதிப்பதில்லை. இவ்வசதிகளை அமைப்பதற்காக 2020 சனவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் தளர்த்தப்பட்டன. உயர் அலைக்கோட்டிலிருந்து 10 மீட்டர் விலக்கி அமைக்க இசைவு அளிக்கப்பட்டது. 1990 முதல் 2018 வரையிலான காலத்தில் நாட்டின் பெருநிலக் கடலோரத்தில் 33.6 விழுக்காடு அரிப்புக்குள்ளானதாகத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கண்டறிந்துள்ள நிலையில், இத்தளர்வு மிகுந்த எச்சரிக்கையுடன் கையாளப்பட வேண்டியதாகும்.

மேலும், பயணிக்குப் பொழுதுபோக்கிடமான கடற்கரை, மீனவருக்குப் படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் வேண்டிய தொழிற்களம். அழகுபடுத்தலின் பெயரால் அவர் அப்புறப்படுத்தப்படின், சுற்றுலாவின் ஆதாயம் ஒருவருக்கும் செலவு மற்றொருவருக்கும் சென்று சேரும்.

செய்யத்தக்கவை

கொடி வேண்டி விண்ணப்பிப்பதற்கு முன்னரே, அருகிலுள்ள நகரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குக் காலவரையறை வகுக்கப்பட வேண்டும். கடற்கரையின் தாங்குதிறன் கணிக்கப்பட வேண்டும். மேலாண்மைக் குழுவில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இடமளிப்பதும், பயணிகளிடம் பெறும் கட்டணத்தில் ஒரு பகுதியை ஊராட்சிக்கு ஒதுக்குவதும் இன்றியமையாதன.

நீலக்கொடி ஒரு மணற்பகுதியின் ஒரு பருவத்து நிலையைக் காட்டும் அளவுகோல். அதனைப் பெறுவதே இலக்காகிவிட்டால், கொடிக்கு அப்பாலுள்ள கடலோரம் கவனிப்பாரற்றுப் போகும். முழுக் கடலோர நிர்வாகத்தின் ஓர் உறுப்பாக அமையும்போதே அது நிலைத்த சுற்றுலாவுக்குத் துணைபுரியும்.