பவர் சப்ளையில கஞ்சத்தனம் வேண்டாம், தங்கச்சி

ஹாம் ரேடியோ லைசென்ஸ் வந்தாச்சு, வி.யு.3 கால் சைனும் கிடைச்சாச்சு. இனி எந்த ரிக் வாங்கலாம்னு ராத்திரி பகலா யூடியூப்தான் பார்த்துக்கிட்டிருப்பே. பாரு, வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஒதுக்கின பணத்துல ஒரு பங்கை இப்பவே தனியா எடுத்து வச்சிடு. பவர் சப்ளை, ஒயர், ஃபேன் மூணுக்கும் அது. புதுசா ஸ்டேஷன் போடுறவங்க "ரிக் மக்கர் பண்ணுது"ன்னு என்கிட்ட வந்தா, நான் முதல்ல ரிக்கோட பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன்.

கணக்கு ரொம்ப சுலபம். 100 வாட் எச்.எஃப். ரிக் 13.8 வோல்ட்டுல ஓடும். சும்மா கேட்டுக்கிட்டிருந்தா ஒண்ணு ரெண்டு ஆம்ப்தான் இழுக்கும். முழு பவர்ல பேசுற பட்டனை, அதான் பி.டி.டி.யை, அமுக்கினா 20 ஆம்பைத் தொடும். பெருக்கிப் பாரு, 276 வாட். ஆன்டெனாவுக்குப் போறது 100. மிச்சம் 176 வாட்டும் சூடா உன் மேஜை மேலதான் இறங்குது. உன் கிரேடுக்கு 50 வாட்தான் அனுமதி, அதனால இப்போதைக்கு இவ்வளவு இழுக்காது. நாளைக்கு ஜெனரல் கிரேடு எழுதத்தானே போறே, அப்போ இன்னொரு சப்ளையா வாங்குவே? இப்பவே 30 ஆம்ப் பார்த்துக்கோ. வாங்கும்போது அது விடாம தர்ற ஆம்பா, இல்லை ஒரு நொடி மட்டும் தாங்குற ஆம்பான்னு கேளு. பெட்டி மேல பெரிசா அச்சடிச்சிருக்கிற நம்பர் பெரும்பாலும் ரெண்டாவதுதான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஓட்டை ஓட்டையா தகர மூடி போட்ட 12 வோல்ட் எல்.இ.டி. சப்ளை மலிவா கிடைக்கும். சி.சி.டி.வி. கேமராவுக்கும் அதைத்தான் மாட்டுவாங்க. ஓரத்துல சின்னதா ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பி வோல்டேஜை ஏத்திக்கலாம்னு கடைக்காரரே சொல்லுவார். ஏறும்தான். ஆனா அந்தத் திருகு இருக்கிற அதே வரிசையிலேயே 230 வோல்ட் வர்ற ஸ்க்ரூவும் திறந்த மேனிக்கு நிக்கும். பவர் இருக்கும்போது அங்கே ஸ்க்ரூ டிரைவர் விடுற வேலை வேண்டாம். அதோட இரைச்சல் வேற. 40 மீட்டர்ல கேட்டா, பேண்ட் முழுக்க கொஞ்ச தூரத்துக்கு ஒரு விசில் கேட்கும். கனமான டிரான்ஸ்ஃபார்மர் வச்ச பழைய லீனியர் சப்ளை செகண்ட் ஹேண்ட்ல நல்ல நிலையில வந்தா, தூக்க முடியலைன்னாலும் ஆட்டோ பிடிச்சு எடுத்துக்கிட்டு வா. சூடாகும், இடத்தை அடைக்கும், ஆனா காதுக்கு நிம்மதி.

கனமில்லாத ஸ்விட்சிங் சப்ளை, அதாவது எஸ்.எம்.பி.எஸ்.தான் வாங்குவேன்னா, ரேடியோவுக்குன்னே செஞ்சதா வாங்கு. சந்தேகம் வந்தா இப்படிச் சோதிச்சுக்கோ. ரிக்கை ஒரு பேட்டரியில ஓட்டி, 7 மெகாஹெர்ட்ஸ்ல ஆளில்லாத இடமா வச்சு எஸ் மீட்டரைப் பாரு. சப்ளையை வேற எதுலயும் மாட்டாம ஆன் மட்டும் பண்ணு. முள் எகிறினா அதுதான் திருடன். எகிறலைன்னா வீட்டு எம்.சி.பி.யை ஒவ்வொண்ணா இறக்கிப் பாரு. எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர், புது பி.எல்.டி.சி. சீலிங் ஃபேன், யாராவது ஒருத்தர் மாட்டுவாங்க. சப்ளையோட சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்தே 31 மிக்ஸ் ஃபெரைட் வளையத்துல ஏழெட்டு சுத்து சுத்தினா இரைச்சல் நல்லாவே குறையும். ரெண்டையும் சேர்த்துத்தான் சுத்தணும். ஒத்தை ஒயரைச் சுத்தினா 20 ஆம்ப் ஓடும்போது வளையம் வேலை செய்யாது.

சுவர் பாயின்ட்டுக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்ப் போடச் சொல்ல வேண்டியதில்லை. 230 வோல்ட் பக்கம் இழுக்கிற ஆம்ப் குறைவுதான், சாதா 6 ஆம்ப் பாயின்ட் போதும். எர்த் மட்டும் ஒழுங்கா இருக்கணும்.

நான் அதிகமா நச்சரிக்கிறது ஒயர் விஷயத்துலதான். ரிக் மேஜை மேல, சப்ளை கீழே ஒரு மூலையில, நடுவுல 3 மீட்டர் ஒயர். போக வர 6 மீட்டர் ஆச்சா? 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர்ல 20 ஆம்ப் ஓடினா கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே காலி. 6 சதுர மில்லிமீட்டர்னா 0.4-க்குள்ள நிக்கும். சப்ளையோட மீட்டர் 13.8 காட்டுதேன்னு நிம்மதியா இருக்காதே. மல்டிமீட்டரை ரிக்கோட பின்னாடி பிளக்ல வச்சு, டம்மி லோடு மாட்டி, கேரியர் விட்டுப் பாரு. அப்போ என்ன காட்டுதோ அதுதான் உன் வோல்டேஜ். ரிக் கம்பெனிங்க பெரும்பாலும் 13.8-க்கு 15 சதவீதம் மேல கீழன்னு போட்டிருப்பாங்க, அதாவது 11.7 வரைக்கும். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே சில ரிக்ல குரல் கரகரன்னு ஆயிடும். ஒயரைக் குட்டையா வை, தடிமனா வை, கனெக்டரைத் தொட்டுப் பாரு. பேசி முடிச்சதும் அது கையைச் சுட்டா கிரிம்ப் சரியில்லைன்னு அர்த்தம்.

பேட்டரி ஒண்ணு அவசியம் வேணும். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்னிக்கு, ரேடியோ போட அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத், போர்ட் பிளேர்ல இருந்து தகவல் அனுப்பிக்கிட்டிருந்தாங்க. அந்த மாதிரி நாள்ல முதல்ல போறது கரன்ட்தானே. ஆனா யு.பி.எஸ்.ல வர்ற 7 ஆம்ப் ஹவர் பேட்டரியை நம்பாதே, பி.டி.டி. அமுக்கினதும் வோல்டேஜ் படுத்துடும். நேரத்துல கால்வாசி பேசுறேன்னு வச்சுக்கோ. கேட்கும்போது 1 ஆம்ப், எஸ்.எஸ்.பி.ல பேசும்போது சராசரியா 10 ஆம்ப்னா, மொத்தத்துல மூணேகால் ஆம்ப். 40 ஆம்ப் ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில பாதிதான் எடுக்கணும், அப்போ ஆறு மணி நேரம் வரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்னா இன்னும் அதிகம் எடுக்கலாம், எடையும் குறைவு, ஆனா அதுக்கு உரிய சார்ஜர்தான் போடணும். எதுவா இருந்தாலும் ஃபியூஸ் பேட்டரி முனைக்கு ஒட்டியே இருக்கட்டும். தண்ணி ஊத்துற பேட்டரியைப் படுக்கை அறையில வச்சு சார்ஜ் போடாதே, ஹைட்ரஜன் வரும்.

இனி சூடு. சத்தம் வராதுன்னு மொட்டை மாடி ரூம்ல ஸ்டேஷன் போட்டிருக்கே. தகரக் கூரை, கத்திரி வெயில். அங்கே சீலிங் ஃபேன் சுத்துறது சுடுகாத்தைத்தான். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி ஏறினா ஆயுசு ஏறக்குறைய பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு. முடிஞ்சா கீழே ஒரு மூலைக்கு இறங்கி வந்துடு. முடியலைன்னா மத்தியானம் கேட்டுக்கிட்டு மட்டும் இரு, பேசுறதை சாயங்காலம் வச்சுக்கோ. சப்ளை மேல ரிக்கை அடுக்காதே, கீழ இருக்கிற சூடு மேலதான் ஏறும். பின்னாடி ஒரு சாண் இடம் விடு. ரிக் மேல அம்மா அழகுக்குப் போடுற துணியையும் எடுத்துடு, திட்டினா என் பேரைச் சொல்லு.

எஃப்.டி.8 டிஜிட்டல் மோடுலதான் ரிக் வெந்து போகும். 15 நொடியில 12.64 நொடி முழு பவர் விடாம போகுது. எஸ்.எஸ்.பி.ல பேச்சுக்கு நடுவுல ரிக் மூச்சு விடும், இதுல விடாது. 20, 30 வாட்டுல வை, அதுலேயே உலகம் முழுக்கக் கேட்கும். எஃப்.எம்.லயும் அதே கதை. பக்கத்து ரிப்பீட்டரோட பேச 5 வாட் தாராளம்.

கூடுதல் ஃபேன் வேணும்னா 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணு பின்னாடி நிறுத்து. ரிக்கோட சொந்த ஃபேன் காத்தை வெளியே தள்ளுதா உள்ளே இழுக்குதான்னு ஒரு டிஷ்யூ பேப்பரைக் காட்டிப் பார்த்துட்டு, அதே திசையில வை. எதிர்த்து வச்சா ரெண்டும் சண்டை போடும், நடுவுல ரிக் வேகும். 7, 8 வோல்ட்டுல ஓட்டினா சத்தமே இருக்காது.

தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது இதையும் சேர்த்துக்கோ. பெயின்ட் பிரஷ்ஷால ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் தட்டி எடு. புளோயர் அடிக்கிறதா இருந்தா ஃபேன் இறக்கையை ஒரு விரலால பிடிச்சுக்கிட்டு அடி. விட்டா அது வேகமா சுத்தி பேரிங்கைக் கெடுத்துக்கும்.