வெற்றிலைத் தட்டும் கீரைக் கட்டும்



நம் பக்கத்தில் வெற்றிலைத் தட்டு இல்லாமல் எந்த நல்ல காரியமும் நடப்பதில்லை. நம் மாவட்டத்து ஆத்தூர் வெற்றிலை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமையும் உடையது. கடலுக்குப் போகிறவர்களும், உப்பளத்தில் வெயிலில் நிற்கும் பெண்களும், துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்களும் பசியையும் களைப்பையும் மறக்க வெற்றிலை பாக்கை வாயில் அடக்கிக் கொள்வதை நாம் அன்றாடம் காண்கிறோம். அந்த வாயில் தோன்றும் புற்றுநோய் நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்றாகும்.

காய்கறியிலும் கீரையிலும் உள்ள பொருள்கள் புற்றுநோயைத் தடுக்கும் என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இது எவ்வளவு தூரம் உண்மை? சற்றே ஆராய்வோம்.

தாவரம் தரும் தீமை

செடிகொடிகள் பூச்சிகளிடமிருந்தும் கடும் வெயிலிலிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளப் பலவகைப் பொருள்களை ஆக்குகின்றன. அவற்றுள் சில நமக்கு நன்மை செய்யும். சில தீமை செய்யும். "செடியில் விளைந்ததுதானே, கெடுதல் செய்யாது" என்று எண்ணுவது தவறு.

பாக்கையே எடுத்துக்கொள்வோம். அதில் அரிக்கோலின் என்னும் பொருள் உள்ளது. பாக்கை நெடுங்காலம் மென்றுவந்தால் கன்னத்தின் உட்புறத் தசை இறுகி, வாயைத் திறக்கவே முடியாத நிலை ஏற்படும். பாக்கு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்றும், புகையிலை சேர்க்காத தாம்பூலமும் அத்தகையதே என்றும், உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அறிவித்தது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெருகும். வெற்றிலையை மட்டும் அந்நிறுவனம் இப்பட்டியலில் சேர்க்கவில்லை. குற்றவாளிகள் பாக்கும் புகையிலையுமே.

தாவரம் தரும் நன்மை

நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. உயிரணுவின் மரபுப் பொருளில் பழுது ஏற்பட்டு, அது கட்டுக்கடங்காமல் பெருகுவதே புற்றுநோய். அந்தப் பழுதைக் குறைக்க உதவக்கூடிய பொருள்கள் நம் சமையலறையில் உண்டு.

முருங்கைக்கீரை, முள்ளங்கி, முட்டைக்கோஸ் ஆகியவற்றை நறுக்கும்போதும் மெல்லும்போதும் காரமான கந்தகப் பொருள்கள் உண்டாகின்றன. நச்சுகளை முறித்து வெளியேற்றும் உடலின் நொதிகளை இவை தூண்டுகின்றன. கீரை, பப்பாளி, மாம்பழம், பரங்கிக்காய் ஆகியவற்றில் பீட்டா கரோட்டின் உள்ளது. நம் உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். அது கொழுப்பில் கரைவதால், கீரையைச் சிறிது எண்ணெயோடு சமைப்பது நல்லது.

மஞ்சளில் உள்ள குர்க்குமின் ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் உயிரணுக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆனால் உண்ணும் குர்க்குமினில் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்கிறது. மிளகின் காரப் பொருளைச் சேர்த்துக் கொடுத்தால் கூடுதலாகச் சேரும் என்று பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரியினர் 1998ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். ஆயினும், மஞ்சள் உண்டால் புற்றுநோய் வராது என்று சொல்வதற்கு இன்னும் சான்று இல்லை.

கேரளத்து மீனவரிடம் நடந்த ஆய்வு

நம்மைப் போன்ற கடற்கரை மக்களிடமே ஓர் ஆய்வு நடந்தது. வாயில் வெண்படலம் கண்ட 160 மீனவ ஆண்களையும் பெண்களையும் கேரளத்து மருத்துவர்கள் தேர்ந்தெடுத்தனர். இத்தகைய படலம் பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடும். ஒரு பிரிவினருக்கு வைட்டமின் ஏ, இன்னொரு பிரிவினருக்கு பீட்டா கரோட்டின், மூன்றாம் பிரிவினருக்குச் சத்தில்லாத வெற்று மருந்து என ஓராண்டு கொடுத்தனர். முடிவுகள் 1997ஆம் ஆண்டு வெளியாயின. படலம் முற்றிலும் மறைந்தவர்கள் முறையே 52, 33, 10 விழுக்காட்டினர்.

நல்ல செய்திதான்! ஆனால் மருந்தை நிறுத்தியதும் நடந்தது என்ன? வைட்டமின் ஏ பெற்றுக் குணமானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும், பீட்டா கரோட்டின் பெற்றுக் குணமானவர்களில் பாதிப்பேருக்கும் படலம் திரும்ப வந்தது.

அப்படியானால் மாத்திரையை விடாமல் விழுங்கலாமே என்று கேட்கலாம். அதற்குப் பின்லாந்து நாடு விடை தந்தது. அங்கே புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது! அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு அல்லவா? கீரையில் பல சத்துகள் நார்ப்பொருளோடு கலந்து அளவாக வருகின்றன. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பேரளவில் உண்பது வேறு.

நாம் செய்யக்கூடியவை

இவற்றிலிருந்து நாம் கற்பது ஒன்றே: நல்ல உணவு உடலுக்குத் துணை, கெட்ட பழக்கத்துக்கு மாற்று அல்ல. பாக்கையும் புகையிலையையும் மென்றுவிட்டுக் கீரை உண்பது, ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது போன்றது. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்.

ஆகவே தோழியரே, நாள்தோறும் ஏதேனும் ஒரு கீரையும் காயும் பழமும் உண்ணுங்கள். தேரிக்காட்டு முருங்கைக்கு அதிக விலை இல்லை. பாக்கும் புகையிலையும் கலந்த பொட்டலங்களைக் கையாலும் தொடாதீர்கள்.

வீட்டில் வெற்றிலை போடும் தாத்தா, ஆச்சியிடம் சண்டை பிடிக்க வேண்டாம். அன்பாகப் பேசி, டார்ச் விளக்கை அடித்து அவர்கள் வாயைப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படலம், மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், வாய் திறப்பதில் சிரமம் ஆகியவற்றில் எது இருந்தாலும், வலி இல்லை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிச் சென்று இவ்வாறு வாயைச் சோதித்தனர். அதனால் புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பது 2005ஆம் ஆண்டு தெரியவந்தது.

சுபகாரியத் தட்டில் வெற்றிலை இருக்கட்டும். அது நம் பண்பாடு. வாயில் பாக்கும் புகையிலையும் வேண்டாம். அது நம் உயிர்.