சாரிஸார்ட் கார்டு 3 கோடி ரூபாய்: அந்த நம்பருக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு

"எஸ்.ஐ.பி ரொம்ப ஸ்லோவா போகுது, போக்கிமான் கார்டு வாங்கி வச்சா என்ன?" இந்தக் கேள்வி இப்ப அடிக்கடி வருது. கேட்கிறவங்க எல்லாரும் சொல்ற உதாரணம் ஒண்ணுதான்: சாரிஸார்ட். 2022 மார்ச்சில் ஒரே ஒரு சாரிஸார்ட் கார்டு ஏலத்தில் 4,20,000 டாலருக்குப் போச்சு. அன்றைய மதிப்பில் 3 கோடி ரூபாய்க்கு மேல. சிரிச்சுட்டு நகர்ந்து போற விஷயம் இல்ல இது. உட்கார்ந்து கணக்கு போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்.

முதல்ல, தெரியாதவங்களுக்கு. 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம் பாய்க்கு வந்த வீடியோ கேம் போக்கிமான். ஆட்டம் ஆரம்பிக்கும்போதே மூணு குட்டி உயிரினங்களில் ஒண்ணை நீங்க தேர்ந்தெடுக்கணும். அதில் வால் நுனியில் நெருப்பு எரியுற பல்லி மாதிரி ஒண்ணு, சார்மாண்டர். 16-ஆவது லெவலில் அது சார்மீலியன் ஆகும். 36-ஆவது லெவலில் இறக்கை முளைச்சு, நெருப்பு கக்குற சாரிஸார்ட் ஆகும். சார்மாண்டரை எடுத்தவங்களுக்கு ஆரம்பம் கஷ்டம். முதல் ஜிம் தலைவர் பாறை வகை வச்சிருப்பார், அடுத்தவர் தண்ணி வகை. நெருப்புக்கு ரெண்டுமே ஆகாது. அந்தக் கஷ்டத்தைத் தாண்டி வளர்த்ததால்தான் அதுமேல அவ்வளவு பாசம். 'ரெட்' கேமோட அட்டைப்படத்திலும் சாரிஸார்ட்தான்.

இங்கிலீஷில் கார்டுகள் 1999 தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்தது. 'பேஸ் செட்'னு பேரு, மொத்தம் 102 கார்டு. அதில் 4-ஆவது நம்பர் சாரிஸார்ட். ஓவியர் மிட்சுஹிரோ அரிட்டா. 120 உயிர்ப் புள்ளி, ஒரே அடியில் 100 டேமேஜ். பள்ளிக்கூட மைதானத்தில் இந்தக் கார்டு வச்சிருந்த பையன்தான் ராஜா.

ஆனா நிஜப் போட்டிகளில்? பெரிசா எடுபடல. அந்த அடி கொடுக்க நாலு நெருப்பு எனர்ஜி கார்டு சேர்க்கணும், அடிச்ச உடனே ரெண்டை இழக்கணும். அதுக்கு முன்னாடி சார்மாண்டர், சார்மீலியன்னு ரெண்டு படி ஏறி வரணும். அன்றைக்கு ஜெயிச்சவங்க ஹிட்மான்சான், எலக்டாபஸ் மாதிரி உடனே இறங்கி அடிக்கிற சாதாரணக் கார்டுகளை வச்சே ஜெயிச்சாங்க. அதனால சாரிஸார்ட் விலை அதோட பயன்பாட்டில் இருந்து வரல, ஏக்கத்தில் இருந்து வருது. இதை மனசுல வச்சுக்குங்க. வீட்டுக்கு வாடகை வரும், கம்பெனிக்கு லாபம் வரும், எஃப்.டி-க்கு வட்டி வரும். கார்டு எதையும் தராது. உங்களை விட அதிகமா ஏங்குற இன்னொருத்தர் வந்தா மட்டும்தான் பணம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

அன்றைக்கு ஒரு பாக்கெட் விலை 3 டாலர் சொச்சம். 3.30 டாலர்னு வச்சுக்குவோம். உள்ளே 11 கார்டு. சுமார் மூணு பாக்கெட்டுக்கு ஒண்ணில்தான் பளபளக்குற ஹோலோ கார்டு இருக்கும். ஹோலோ வகை மொத்தம் 16. அப்படின்னா ஒரு சாரிஸார்ட் கிடைக்க சராசரியா 48 பாக்கெட் பிரிக்கணும். செலவு சுமார் 158 டாலர். மத்த கார்டுகளுக்கும் மதிப்பு உண்டு, அதை இப்போதைக்கு விட்டுடலாம்.

158 டாலர், 23 வருஷத்தில் 4,20,000 டாலர். வருஷத்துக்குக் கூட்டு வளர்ச்சி ஏறக்குறைய 41 சதவீதம்! அதே காலத்தில் சென்செக்ஸ் 3,000 சொச்சத்தில் இருந்து 58,000 சொச்சத்துக்குப் போச்சு. டிவிடெண்ட் சேர்க்காம வருஷம் 13 சதவீதம் சொச்சம். டாலர் கணக்கும் ரூபாய் கணக்கும் ஒண்ணு இல்லைதான், இருந்தாலும் ஒரு அளவுகோலுக்கு வச்சுக்கலாம். ரீல்ஸ் போடுறவங்க இதோட நிறுத்திடுவாங்க.

நாம நிறுத்த வேண்டாம். அந்த 4,20,000 டாலர் எந்தக் கார்டுக்கு? முதல் பதிப்பு முத்திரை இருக்கணும். அது பி.எஸ்.ஏ மாதிரி ஒரு தர நிர்ணய நிறுவனத்தில் பத்துக்குப் பத்து வாங்கியிருக்கணும். அந்த நிறுவனத்துக்கு வந்த முதல் பதிப்பு சாரிஸார்ட் கார்டுகள் 3,000-க்கும் மேல. பத்துக்குப் பத்து வாங்கினது ஏறக்குறைய 120. அதாவது நூத்துல நாலு. அதுவும் "இது நல்லா இருக்கு, காசு கட்டி அனுப்பலாம்"னு நினைச்சு அனுப்பினவங்க கார்டுகளில் நூத்துல நாலு. பாக்கெட்டில் திணிச்சு, ரப்பர் பேண்டு போட்டு, மடிஞ்சு, அம்மா வீடு கூட்டும்போது குப்பைக்குப் போன கார்டுகள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

முதல் பதிப்பு முத்திரை இல்லாத, நல்லா விளையாடித் தேய்ஞ்ச சாரிஸார்டுக்கு இன்றைக்கும் சில நூறு டாலர்தான். 300 டாலர்னு எடுத்துக்குங்க. 158 டாலர் 23 வருஷத்தில் 300 ஆனா, வருஷத்துக்கு 3 சதவீதம்கூட வராது. சேவிங்ஸ் அக்கவுண்ட் ரேஞ்சு. ஒரே வருஷம், ஒரே கடை, ஒரே உயிரினம். ஒருத்தருக்கு 41 சதவீதம், இன்னொருத்தருக்கு 3 சதவீதம். பங்குச் சந்தையில் இண்டெக்ஸ் ஃபண்டு வாங்கினா சராசரி ரிட்டர்னாவது உங்க கைக்கு வரும். இங்கே சராசரியை வாங்க வழியே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத பாறைகள்

இந்த இடத்தில் கேமில் இருந்தே ஒரு விஷயம் சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 2006-இல் வந்த டைமண்ட், பேர்ல் கேம்களில் 'ஸ்டெல்த் ராக்'னு ஒரு வித்தை சேர்த்தாங்க. எதிராளி உங்க பக்கம் மிதக்கும் பாறைகளைப் போட்டு வச்சுடுவார். அதுக்கப்புறம் நீங்க எந்த போக்கிமானை உள்ளே இறக்கினாலும் அது கொஞ்சம் அடி வாங்கும். சாதாரணமா முழு உயிரில் எட்டில் ஒரு பங்கு. சாரிஸார்ட் நெருப்பு வகை, கூடவே பறக்கும் வகை. ரெண்டுக்குமே பாறை ஆகாது. ரெண்டு தரம் இரட்டிப்பாகி, உள்ளே வந்த உடனே பாதி உயிர் காலி. சண்டையே ஆரம்பிக்கல! வெளியே எடுத்துட்டு மறுபடி இறக்கினா மீதிப் பாதியும் போச்சு. (பல வருஷம் கழிச்சு, பாறை குத்தாம இருக்க ஒரு பூட்ஸ் கொடுத்தாங்க. அது வேற கதை.)

கார்டு வாங்கி விற்கிறதும் இதே மாதிரிதான். உள்ளே வர ஒரு அடி, வெளியே போக ஒரு அடி.

உதாரணம் பாருங்க. 2020 டிசம்பரில் பத்துக்குப் பத்து வாங்கின சாரிஸார்ட் ஒண்ணு 3,69,000 டாலருக்கு ஏலம் போச்சு. 15 மாசம் கழிச்சு அதே ரகக் கார்டு 4,20,000 டாலர். முதல் விலையில் வாங்கி ரெண்டாவது விலையில் வித்ததா கற்பனை பண்ணுங்க. 51,000 டாலர் லாபம், சரியா? இல்லைங்க. ஏல நிறுவனங்கள் வழக்கமா ஏலம் கேட்ட தொகைக்கு மேல கமிஷனையும் சேர்த்துத்தான் விலையை வெளியிடும். அதை 20 சதவீதம்னு வச்சுக்குவோம். அப்போ 4,20,000-இல் ஏலத்தொகை 3,50,000தான். விற்றவர் கைக்கு வர்றது அதிகபட்சம் அவ்வளவுதான். செய்தியில் 14 சதவீத உயர்வு, உங்க கையில் 19,000 டாலர் நஷ்டம். இன்ஷூரன்ஸ், கூரியர், வரி எல்லாம் தனி.

அதுக்கப்புறம் வந்த ஏலங்களில் இதே ரகம் 2,00,000 டாலருக்குக் கீழேயும் விற்றிருக்கு. உச்சத்தில் வாங்கினவருக்குப் பாதிக்கு மேல போச்சு. பாதி போனா, பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏறணும். இந்தக் கணக்கு உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

நிஜமான கார்டா என்பது அடுத்த தலைவலி. யூடியூபர் லோகன் பால் 35 லட்சம் டாலர் கொடுத்து, சீல் பிரிக்காத பேஸ் செட் பெட்டின்னு ஒண்ணு வாங்கினார். 2022 ஜனவரியில் திறந்து பார்த்தா உள்ளே ஜி.ஐ. ஜோ கார்டுகள். அவ்வளவு பணமும் ஆள்பலமும் இருக்கிறவருக்கே இந்த நிலைமை.

"பழசு வேண்டாம் ப்ரோ, இப்ப வர்ற புது பாக்கெட்டை வாங்கிப் பிரிக்காம வச்சிடறேன்." இதுவும் நிறையப் பேர் சொல்றாங்க. இந்த யோசனைதான் எனக்கு அதிகம் பயம். 2024 மார்ச் வரை உலகத்தில் அச்சான போக்கிமான் கார்டுகள் மொத்தம் சுமார் 6,480 கோடி. அதில் 1,190 கோடி அந்த ஒரே நிதியாண்டில் அச்சடிச்சது. பழைய சாரிஸார்ட் படத்தையே 2016-லயும் 2021-லயும் மறுபடி போட்டாங்க. 1999 கார்டு அரிதானதுக்குக் காரணம், அன்றைக்கு யாரும் அதை முதலீடுன்னு நினைக்காம விளையாடிக் கிழிச்சதுதான். இன்றைக்கு எல்லாரும் பிரிச்ச உடனே பிளாஸ்டிக் உறையில் போட்டு லாக்கரில் வைக்கிறாங்க. இருபது வருஷம் கழிச்சு எல்லார்கிட்டயும் புத்தம்புதுசா இருக்கிற பொருளுக்கு யார் கோடி கொடுப்பாங்க?

அப்போ வாங்கவே கூடாதா? வாங்குங்க, தாராளமா. ஆனா எந்தப் பணத்தில்னு பாருங்க. சினிமா டிக்கெட், கிரிக்கெட் பேட், ஹெட்ஃபோன் வாங்குற அதே பட்ஜெட்டில் இருந்து வாங்குங்க. மாசச் சம்பளம் 40,000 வாங்குறவர், ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்டும் ஹெல்த் இன்ஷூரன்ஸும் முடிச்சுட்டு, மாசம் 1,000 ரூபாயைக் கார்டுக்குப் போட்டா நான் குறை சொல்ல மாட்டேன். போனஸ் முழுசையும் போடுறேன்னா சொல்லுவேன். கிரெடிட் கார்டு இ.எம்.ஐ-ல வாங்குறேன்னா சத்தமாவே சொல்லுவேன். 15 சதவீத வட்டி கட்டி வாங்கின பொருள் வருஷம் 15 சதவீதம் ஏறினாலும் உங்களுக்கு மிச்சம் பூஜ்யம். அமெரிக்காவில் ஒருத்தர் கொரோனா காலத்துத் தொழில் நிவாரணக் கடனைப் பொய் சொல்லி வாங்கி, அதில் 57,789 டாலருக்கு ஒரே ஒரு போக்கிமான் கார்டு வாங்கினார். 2022-இல் மூணு வருஷம் சிறைத் தண்டனை. கார்டையும் ஒப்படைக்க வேண்டியதாச்சு.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரங்க மூலமா பழைய கார்டு ஏதாவது உங்க வீட்டில் இருந்தா, சாரிஸார்டை எடுத்துப் பாருங்க. கீழே 4/102-னு இருக்கா? படத்துக்குக் கீழே இடது ஓரத்தில், வட்டத்துக்குள்ள 1-னு சின்ன கறுப்பு முத்திரை இருக்கா? படக் கட்டத்தோட வலது ஓரத்தில் நிழல் இல்லாம இருக்கா? மூணும் ஆமான்னா வெறும் கையால் தேய்க்காதீங்க, துடைக்காதீங்க, உறையில் போடுங்க. விலை தேடும்போது விற்பனைக்குப் போட்டிருக்கிற விலையைப் பார்க்காதீங்க, நிஜமா விற்று முடிஞ்ச விலையை மட்டும் பாருங்க. யாரு வேணும்னாலும் பத்து லட்சம்னு போர்டு மாட்டலாம்.