பழைய மோட்டார் வண்டியில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் இணைக்கும் முறை

மிராசுதார்கள் பலருடைய கொட்டகைகளில் பழைய அம்பாஸிடர் பெட்ரோல் வண்டிகள் இன்றும் நின்றுகொண்டிருக்கின்றன. இவ்வண்டியின் உற்பத்தி 2014-ம் வருஷத்தில் நின்றுபோயிற்று. எனினும், கரடுமுரடான கிராமப் பாதைகளைத் தாங்குவதாலும், ஊர்க் கருவிகளைக் கொண்டே பழுது பார்க்கக் கூடியதாலும், அதை விட்டுவிட மனமில்லாதவர் அநேகர். மழைக் காலத்தில் பிரசவ வேதனைப்படும் ஸ்திரீயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும், விதை மூட்டையை உரிய நாளில் சேர்க்கவும் இவ்வண்டியே உதவுமானால், அது நடுவழியில் நின்றுவிடுவது சிறிய விஷயமன்று. அவ்வாறு நிற்பதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பாயிண்டுகளின் தேய்மானமாகும். அவற்றிற்குப் பதிலாக எலெக்ட்ரானிக் கருவியை இணைக்கும் முறை இங்கே கூறப்படுகிறது. டீசல் வண்டிகளுக்குத் தீப்பொறி வேண்டியதில்லையாதலால், அவற்றிற்கு இது பொருந்தாது.

பாயிண்டுகள் செய்யும் வேலை

பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலின் முதற் சுற்றில் ஓடுகிறது. பாயிண்டுகள் திறந்து அவ்வோட்டத்தைத் திடீரென்று அறுக்கும்போது, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் உண்டாகி, ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறியாகத் தாவுகிறது. நான்கு ஸிலிண்டர் எஞ்சின் நிமிஷத்திற்கு 3000 சுற்றுச் சுற்றினால், பாயிண்டுகள் 6000 தடவை, அதாவது விநாடிக்கு 100 தடவை, திறந்து மூட வேண்டும். ஆகவே அவற்றின் முகம் கருகிக் குழிவிழுவதும், காமில் உராயும் குதி தேய்ந்து இடைவெளி குறுகுவதும், தீப்பொறி விழும் நேரம் தவறுவதும் ஆச்சரியமன்று. எலெக்ட்ரானிக் கருவியிலோ உராயும் பாகம் இல்லை. தண்டில் மாட்டிய காந்த வளையம் சுழல்கையில், அருகிலுள்ள உணர்கருவி காந்தத்தை அறிந்து, மின்சாரத்தை விட்டு அறுக்கிறது. அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனியார் 1973-ம் வருஷத்திலேயே தங்கள் கார்களுக்கெல்லாம் எலெக்ட்ரானிக் இக்னிஷனை அமைத்தனர்.

வாங்குமுன் சோதிக்க வேண்டியவை

முதலாவதாக, பாட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்துள்ளது என்று பார்க்கவும். 1960-க்கு முற்பட்ட ஆங்கில அமைப்புள்ள வண்டிகளில் பிளஸ் முனையை உடலோடு இணைத்திருப்பது வழக்கம். பிற்காலத்து வண்டிகளில் மைனஸ் முனை அவ்வாறு இருக்கும். ஒன்றுக்குச் செய்த கருவியை மற்றதில் மாட்டினால், சாவியைத் திருப்பிய கணத்திலேயே அது கெட்டுவிடக் கூடும்.

இரண்டாவதாக, காயிலின் கம்பிகளைக் கழற்றி, மீட்டரால் முதற் சுற்றின் எதிர்ப்பை அளக்கவும். சாதாரண 12 வோல்ட் காயிலில் அது சுமார் 3 ஓம் இருக்கும். 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர் ஓடும். பாலாஸ்ட் என்னும் எதிர்ப்புக் கம்பியோடு சேர்ந்து வேலை செய்யும் காயிலிலோ சுமார் 1.5 ஓம்தான் இருக்கும். இதை எதிர்ப்பின்றி நேரே இணைத்தால் 8 ஆம்பியர் ஓடிக் காயிலும் கருவியும் சூடேறிக் கெடும். கருவியோடு வரும் தாளில், எத்தனை ஓமுக்குக் குறையாத காயில் வேண்டும் என்று குறித்திருப்பார்கள், அதை மீறலாகாது.

மூன்றாவதாக, காயிலின் கம்பிகளை மீண்டும் மாட்டி, பாயிண்டுகள் மூடியிருக்கும் நிலையில் சாவியைத் திருப்பி, காயிலின் சாவிப்பக்க முனையில் வோல்ட் பார்க்கவும். ஏறக்குறைய 12 வோல்ட் இருந்தால் பாலாஸ்ட் இல்லை. 6 முதல் 8 வரை இருந்தால் பாலாஸ்ட் உண்டு. சோதனை முடிந்தவுடன் சாவியை மூடிவிடவும்.

நான்காவதாக, டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கவும். தண்டு அதிகமாக ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் புதிய கருவிக்குப் பணம் செலவிடுவது வீண்.

இணைக்கும் முறை

1. பாட்டரியில் உடலோடு சேரும் கம்பியை முதலில் கழற்றுக. பெட்ரோல் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே வேலையைத் தொடங்குக.

2. மூடியைத் திறந்து, முதல் ஸிலிண்டருக்குரிய முனையை ரோட்டார் நோக்குமாறு எஞ்சினைக் கையால் திருப்பி நிறுத்துக. டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் நிலைக்கு ஒரு அடையாளக் கோடு இடுக.

3. ரோட்டார், பாயிண்டு, கண்டென்ஸர் ஆகியவற்றைக் கழற்றுக. அடித்தட்டை உடலோடு சேர்க்கும் சிறு பின்னற் கம்பியைக் கழற்றலாகாது. அது அறுந்திருந்தால் புதிது போடுக.

4. கருவியை அடித்தட்டில் திருகி, காந்த வளையத்தைக் காமின்மேல் முழுவதும் அழுத்துக. இரண்டிற்கும் இடையே தாளில் கண்ட இடைவெளி இருக்க வேண்டும். வாக்குவம் இழுக்கும்போது தட்டு திரும்புமாதலால், கம்பிகளுக்குச் சிறிது தளர்ச்சி விடுக. ஆனால் அவை சுழலும் பாகத்தைத் தொடலாகாது.

5. மைனஸ் முனை உடலோடு சேர்ந்த வண்டியில், கருவியின் கறுப்புக் கம்பி காயிலின் மைனஸ் முனைக்கும், சிவப்புக் கம்பி பிளஸ் முனைக்கும் செல்வது பெரும்பான்மை வழக்கம். பழைய லூகாஸ் காயில்களில் எஸ்.டபிள்யூ. என்பது சாவிப் பக்கத்தையும், ஸி.பி. என்பது பாயிண்டுப் பக்கத்தையும் குறிக்கும். பாலாஸ்ட் உள்ள வண்டியில், சிவப்புக் கம்பியை எதிர்ப்புக்கு முந்திய இடத்தில், முழு 12 வோல்ட் கிடைக்குமாறு சேர்க்க வேண்டும். இல்லையேல் கிளப்பும் சமயத்தில் வோல்ட் குறைந்து கருவி வேலை செய்யாது.

6. சாவியிலிருந்து காயிலுக்கு வரும் வெள்ளைக் கம்பிக்கு லூகாஸ் அமைப்பில் பெரும்பாலும் ப்யூஸ் கிடையாது. அதன் உறை உராய்ந்து தகரத்தைத் தொட்டால் கம்பித் தொகுதி முழுவதும் எரியக் கூடும். ஆகையால் வெறுமனே முறுக்கிய இணைப்பு உதவாது. முனைகளை அழுத்திப் பிடித்து, உறையிட்டு, கார்ப்புரேட்டருக்கும் சூடான குழாய்க்கும் விலகியிருக்குமாறு கட்டுக.

7. பிளக்குகளுக்குச் செல்லும் கம்பிகள் வெறும் செம்புக் கம்பிகளாயிருந்தால், எதிர்ப்புள்ள கம்பிகளாக மாற்றுக. செம்புக் கம்பியிலிருந்து எழும் மின் இரைச்சல் கருவியைக் குழப்பும்.

சோதனை

பாட்டரியை இணைத்து எஞ்சினைக் கிளப்புக. பாயிண்டை மாற்றியதால் தீப்பொறியின் நேரமும் மாறியிருக்கும். ஆகையால் நேரம் காட்டும் ஒளிவிளக்கால், எஞ்சின் புத்தகத்தில் கண்ட டிகிரிக்குச் சரிப்படுத்தியே வண்டியை ஓட்ட வேண்டும். எஞ்சின் நின்றிருக்கையில் சாவியைத் திறந்து வைக்கலாகாது, காயில் சூடேறும். வண்டியில் வெல்டிங் செய்யுமுன் பாட்டரியைக் கழற்றிவிடுவது அவசியம்.

ஓர் எச்சரிக்கை

பாயிண்டு கெடும்போது முன்கூட்டியே அடையாளம் காட்டும். தேய்த்துச் சுத்தம் செய்து எப்படியாவது வீடு வந்து சேரலாம். எலெக்ட்ரானிக் கருவியோ, கெட்டால் பெரும்பாலும் அறிவிப்பின்றியே கெடும். வழியில் அதைப் பழுது பார்க்க இயலாது. ஆகையால், கழற்றிய பாயிண்டு, கண்டென்ஸர், அவற்றின் திருகுகள், ஒரு சிறு திருப்புளி, 0.015 அங்குல இடைவெளி அளவி ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். பழக்கமுள்ளவர் அரைமணி நேரத்திற்குள் அவற்றைத் திரும்ப மாட்டிவிடலாம். வண்டி ஓட்டுபவர் பகல் வேளையில் கொட்டகையிலேயே இதை ஒரு முறை செய்து பழகிக்கொள்வாராக. கிராம அதிகாரிகளும், ஊரில் இவ்வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு நாலு பேர் காணச் செய்து காட்டினால், ஊரார் அனைவருக்கும் பிரயோசனமாகும்.