காத்திருந்து ஒலிக்கும் காவலன்

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் குளிர்ப் பகுதிகளில் பல வீடுகளில், படுக்கையறைக்கு அருகே உள்ளங்கையளவு கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதுதான் கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி. அதன் நடத்தையில் ஒரு விந்தை உண்டு. காற்றின் பத்து இலட்சம் பங்கில் இவ்வாயு 400 பங்கு இருந்தால், அக்கருவி 4 முதல் 15 நிமிடங்களுக்குள் அலறும். 150 பங்கு இருந்தால் 10 முதல் 50 நிமிடங்கள் ஆகும். 70 பங்குதான் என்றால், 1 மணி முதல் 4 மணி நேரம் வரை பொறுத்திருக்கும். இவை அமெரிக்கத் தரவிதியில் உள்ள அளவுகள். நஞ்சைக் கண்டும் காவலன் ஏன் காத்திருக்கிறான்?

விடை நம் இரத்தத்தில் இருக்கிறது.

கரி, விறகு, பெட்ரோல், எரிவாயு ஆகிய எது எரிந்தாலும், போதிய ஆக்ஸிஜன் கிடைக்காதபோது கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை உறுத்துவதுமில்லை. இதன் மூலக்கூறு எடை 28. காற்றின் சராசரியோ ஏறத்தாழ 29. ஆகவே இது சமையல் வாயுவைப் போலத் தரையில் படியாமல் அறையெங்கும் கலந்துவிடுகிறது.

ஆக்ஸிஜனைச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அல்லவா? அது ஆக்ஸிஜனைவிடக் கார்பன் மோனாக்ஸைடை 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்கிறது. எளிதில் விடுவதில்லை. எனவே ஒவ்வொரு மூச்சிலும் நஞ்சு சிறிது சிறிதாகச் சேர்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் 5 லிட்டர் இரத்தம் ஏறத்தாழ 1000 மில்லி லிட்டர் ஆக்ஸிஜனைப் பிடிக்க வல்லது. அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 100 மில்லி லிட்டர் அளவுக்கான இடத்தை, நஞ்சு பிடித்துக்கொள்வதே ஆபத்தின் எல்லை எனக் கொள்வோம். ஓய்வில் நாம் நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறோம். 70 பங்கு நஞ்சுள்ள காற்றானால், நிமிடத்துக்கு 0.42 மில்லி லிட்டர் உட்செல்லும். அது முழுவதும் தங்கிவிட்டாலும், 100 மில்லி லிட்டர் சேர ஏறத்தாழ 240 நிமிடங்கள் ஆகும். 400 பங்கானால் 42 நிமிடங்களே போதும். வேலை செய்பவர் பன்மடங்கு காற்றை இழுப்பதால் அவருக்கு நேரம் இன்னும் குறையும். அதனால்தான் கருவி முன்கூட்டியே ஒலிக்கிறது. அது காற்றை மட்டும் அளப்பதில்லை. காலத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது.

கருவி எவ்வாறு அளக்கிறது? பெரும்பாலானவற்றில் சிறிய மின்வேதிக் கலம் ஒன்று உண்டு. அதன் ஒரு மின்வாயில் கார்பன் மோனாக்ஸைடு நீருடன் வினைபுரிந்து கார்பன் டை ஆக்ஸைடாகிறது. அப்போது எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. வாயு எவ்வளவோ, மின்னோட்டமும் அவ்வளவு.

இத்தகைய கருவிகள் இல்லாத காலத்தில், ஹால்டேன் என்னும் அறிவியலறிஞர் 1890களில் சொன்ன யோசனைப்படி, நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் கானரிப் பறவைகளைக் கொண்டு சென்றனர். சிறிய உயிர் வேகமாகச் சுவாசிக்கிறது. எனவே மனிதனுக்கு முன்பே அது மயங்கி விழும். நாம் போட்ட கணக்கேதான் இது!

சரி, கருவி ஒலித்தால் என்ன செய்வது? நான்கு முறை ஒலித்து, சற்றே நின்று, மீண்டும் நான்கு முறை ஒலித்தால் அது நஞ்சின் அறிவிப்பு. நிமிடத்துக்கு ஒரு முறை 'கீச்' என்றால் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்தது என்று பொருள். கருவியின் ஆயுளும் 5 முதல் 10 ஆண்டுகள்தாம்.

நஞ்சின் அறிவிப்பு என்றால் எல்லோரையும் எழுப்பிக்கொண்டு உடனே வெளியேற வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று தேடி நிற்கக்கூடாது. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று கருவியை அணைத்துவிட்டுப் படுப்பது பெருந்தவறு. ஆக்ஸிஜன் குறைந்த மூளை தன் நிலையைத் தானே சரியாக எடைபோடாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஆகியவற்றைச் சாதாரணக் காய்ச்சலின் தொடக்கம் என்றே அது எண்ணிக்கொள்ளும். உறங்குபவருக்கோ அதுவும் தெரியாது. வெளியே வந்தபின் உதவிக்கு அழைக்க வேண்டும். அமெரிக்காவில் 911, நம் நாட்டில் 112. சோதித்து, பாதுகாப்பானது என்று சொன்ன பின்னரே உள்ளே செல்ல வேண்டும். அறிகுறி உள்ளவர் மருத்துவரிடம் செல்வது அவசியம். ஏனெனில் வெறுங்காற்றில் நஞ்சு பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். தூய ஆக்ஸிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் குறைந்துவிடும்.

நம் வீடுகளில் இக்கருவி அரிது. ஆனால் அந்த வாயு அரிதன்று. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டு கரி நெருப்பு மூட்டுவது, காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசரை எரிப்பது, வீட்டுக்குள் ஜெனரேட்டரை ஓட்டுவது ஆகிய எல்லாம் ஒன்றே. புகை கண்ணுக்குத் தெரியாததால் ஆபத்தில்லை என்று எண்ணாதீர்கள். கனன்று சிவந்த கரியில் புகை இராது, நஞ்சு இருக்கும். காவலன் இல்லாத வீட்டில் கணக்கை நாமேதான் போட வேண்டும். இன்றிரவே உங்கள் வீட்டில் நெருப்பு எரியும் இடங்களையும், அங்கே காற்று வந்துபோகும் வழிகளையும் எண்ணிப் பாருங்களேன்!