சாலையில் ஒரு 'லை'

"எழுத்து சாய்ஞ்சிருக்கு, மறுபடி போடு" என்று முதலாண்டு டிராயிங் ஹாலில் ஷீட்டைத் திருப்பித் தந்தபோது நம்மில் முணுமுணுக்காதவர் யார்? அந்த எழுத்து தெருவுக்கு வந்தால் என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

வழி தெரியாதவருக்குத்தான் போர்டு. கொடுங்கையூர்க்காரருக்கு 'மூலக்கடை' என்றாலே போதும். ஆனால் ஜி.என்.டி. ரோட்டில் ஆந்திராவிலிருந்து லாரி ஓட்டி வருபவருக்கு? அவருக்காகத்தான் எச்சரிக்கைக்கு முக்கோணம், கட்டளைக்கு வட்டம் என்று உருவத்தையே பேச வைத்திருக்கிறார்கள். இது மேல்நாட்டு யோசனை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் இடத்துக்குக் கொடி, அறிஞர்கள் வாதிடும் இடத்துக்குக் கொடி, துறையில் நிற்கும் கப்பலிலும் கொடி! அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுகிறோமே, அதுவும் ஒரு போர்டுதான்.

எழுத்துக்கு வருவோம். பழைய போர்டு எங்காவது மிஞ்சியிருந்தால் 'சாலை' என்ற சொல்லை உற்றுப் பாருங்கள். 'லை' இப்போது போல இருக்காது. எழுத்தோடு ஒட்டி யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். ணை, லை, ளை, னை நான்குக்கும் அப்படித்தான். பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் இதை மாற்றி அச்சிட்டார். அரசாணை வந்தது 1978 அக்டோபரில். ஆலை, சாலை, வேலை, சென்னை... வடசென்னைக்கு வேண்டிய சொல் எல்லாமே முகம் மாறிவிட்டது!

எங்கள் தெருவில் போர்டு எழுதும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். "ஆர்டர் போட்டா கை கேட்டுடுமா தம்பி? ரெண்டு வருஷம் தும்பிக்கை தானா வந்து விழும்" என்று சிரிப்பார். தகரத்துக்கு ரெட் ஆக்சைடு, அதன் மேல் எனாமல், காய்ந்ததும் சாக்குத்தூள் தடவிய நூலால் மேலும் கீழும் கோடு. "எழுதறது பெரிசில்ல, எடம் விடறதுதான் வேலை" என்பார். இன்றைய பிளெக்ஸில் எழுத்தை ரப்பர் மாதிரி இழுத்து அடைப்பதைப் பார்த்தால் அவர் சொல்வது புரிகிறது.

கணக்கும் உண்டு. ஓர் அங்குல உயர எழுத்து சுமார் 30 அடி தூரம் வரை தெரியும் என்பது தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு. 3 அங்குலம் என்றால் 90 அடி. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அதை இரண்டரை நொடியில் கடந்துவிடும். படிக்கவும் பிரேக் போடவும் அவ்வளவுதான் நேரம்!

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி எதிர்வீட்டுப் பாட்டிக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் பக்கத்துத் தெருக்களிலேயே மூன்று முறை சுற்றியது. எங்கள் தெருப் பெயரின் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்! கடைசியில் நாங்கள் செல்போன் லைட்டை ஆட்டிக்கொண்டு முனைக்கு ஓடினோம். பாட்டி பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் கரண்டியுமாகப் போஸ்டரைச் சுரண்டினோம். பசையோடு பாதி எழுத்தும் போய்விட்டது. பெரியவர் வந்து பார்த்தார். "கால் லிட்டர் கறுப்பு எனாமல் வாங்கியா. கோடு நான் போடறேன், எழுத்து நீ எழுது" என்றார்.